பட்டாணி அரசியைத் திருப்பித் தரவும்

செயின்ட் ஆல்பன்ஸ், மெல்போர்ன்
மார்ச் 10

விஸ்டின் மாமாவுக்கு,

அன்புள்ள என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

போன் செய்யாதீர்கள். உங்கள் எண்ணுக்குக் கதவைச் சாத்தியாகிவிட்டது.

நேற்று ஃபுட்ஸ்கிரே மண்டபத்தில் சிற்றேட்டுச் சந்தை, அவரவர் ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்த ஏடுகளோடு. முந்தாநாள்தான் உங்கள் பெட்டி வந்தது. மூடியில் ‘புது இதழ். படிக்காதே, பரப்பு’ என்று எழுதியிருந்தீர்கள். தவக்காலம், கறி ஒதுக்கிய கூட்டம், அப்பா கடையில் மூச்சுவிட நேரமில்லை, நானும் படிக்கவில்லை. என்னுடைய ‘தண்டவாளச் செடிகள்’ ஏட்டுக்குப் பக்கத்தில் உங்கள் ஏட்டை அழகாக அடுக்கி வைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் தங்கள் ஏட்டை நீட்டி மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். நானும் சிரித்த முகத்தோடு என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். நாள் முழுக்கக் கொடுத்தேன்.

சாயங்காலம் பக்கத்து மேசைக்காரி, புறாக்களைப் பற்றி ஏடு போடுகிறவள், கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி ஏட்டைப் பார்த்தாள்.

“இந்தப் பட்டாணி அரசி நீங்கதானா?” என்றாள்.

மாமா, பிரிஸ்பேனில் அந்தச் சிறிய அச்சகத்தில் எனக்கு வேலை கிடைத்திருப்பதை உங்கள் ஒருவரிடம்தான் சொன்னேன். அப்பாவுக்கு ஈஸ்டர் முடிந்ததும் நானே சொல்லுகிறேன், அதுவரை வாயைத் திறக்காதீர்கள் என்றும் சொன்னேன். நீங்கள் வாயைத் திறக்கவில்லை, உண்மைதான். ஜெராக்ஸ் எடுத்துவிட்டீர்கள்!

‘பாஸ்டிஸி சாம்ராஜ்யத்திலிருந்து பட்டாணி அரசி ஓடிப்போன கதை.’ சூரியன் எழுவதற்குள் மடிப்பு மடிப்பான மாவில் பட்டாணி பொதிந்து ஒரு லட்சம் பாஸ்டிஸி சுடுகிற அரசர். அவருக்குத் தெரியாமல் பெட்டி கட்டுகிற மகள். செய்தி கேட்டு அண்டாவுக்குள் விம்மி அழுகிற பட்டாணி. அட்டையில் எங்கள் கடையின் படம், கதவில் இருக்கும் விரிசல் உட்பட.

ஒரு பிரதி விடாமல் திரும்ப வாங்குங்கள். அப்பா கண்ணில் பட்டால் நான் உங்கள் மருமகள் இல்லை.

மார்தீஸ்


பர்னி, டாஸ்மேனியா
மார்ச் 16

ஏழு கடலும் அஞ்சும் என் மருமகளின் சமூகத்துக்கு,

உலகத்தின் வசைக் கடிதங்களுக்கெல்லாம் தலைமை தாங்கத் தகுந்த உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் அதைக் குறடால் பிடித்துக்கொண்டு வந்தார். நான் பிரித்ததும் தெருவிலிருந்த நாய்கள் வடக்கு நோக்கி ஓடின.

முதலில் என் தரப்பு. நான் பெயர்களை மாற்றாமலா எழுதினேன்? உன் அப்பா கர்மெனுவைக் கர்மேலு ஆக்கினேன். செயின்ட் ஆல்பன்ஸை செயின்ட் ஆல்பர்ட்ஸ் ஆக்கினேன். இதற்குமேல் மறைப்பதென்றால் மந்திரவாதிதான் வரவேண்டும். கதவு விரிசலை மட்டும் விட்டேன். அது கலை.

அடுத்தது தர்மம். மாற்றிக்கொண்ட ஏட்டைத் திருப்பிக் கேட்கக் கூடாது. இது உனக்குத் தெரியாதா? விருந்து போட்டவன் மறுநாள் வந்து சோற்றைத் திருப்பிக் கேட்பதுபோல அல்லவா இருக்கும்? நான் கேட்டேன் என்று தெரிந்தால் ஹோபார்ட்டிலிருந்து டார்வின்வரை ஒரு ஸ்டேப்ளர்கூட எனக்காக வாய் திறக்காது. இன்னொரு ஏட்டைக் கொடுத்து மாற்றி வாங்கலாம், அது ஒன்றுதான் வழி. ஆகவே ஒரு மறுப்பு இதழ் போடுகிறேன். காகித ஆலை மூடியபோது நான் காப்பாற்றிக் கொண்டுவந்த தாளில், சத்தியத்தை மட்டுமே எழுதி. என் பேனா இந்த வேலைக்குப் பழகியதில்லை. இப்போதே இருமுகிறது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். கொசுவின் கொட்டாவி அளவுகூட இல்லாத விஷயம். என் நண்பன் ஹெட்லிக்குத் தான் படித்த ஏட்டைப் பொது இடத்தில் விட்டுவிட்டு வரும் பழக்கம் உண்டு. ரயில் இருக்கை, பல் டாக்டர் வீடு, இப்படி. முகம் தெரியாத ஒருவர் எடுத்துப் படிக்கவேண்டும் என்பது அவன் கொள்கை. போன வாரம் உங்கள் பக்கம் வந்திருந்தான். ஒரு பிரதியை ஒரு லாண்டரியில் வைத்தானாம். எந்த லாண்டரி என்று கேட்டேன். “வாசல்ல பச்சைப் பலகை இருந்துச்சு” என்கிறான்.

கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே.

உன் ஒரே மாமன்,
விஸ்டின்


செயின்ட் ஆல்பன்ஸ்
மார்ச் 26

மாமா,

பச்சைப் பலகை லாண்டரியில்தான் அப்பா கடையின் ஏப்ரன்களைத் துவைக்கப் போடுகிறார். ஓடினேன். பழைய நாய்க் கண்காட்சிப் பத்திரிகை ஒன்று கிடந்தது. உங்கள் ஏடு இல்லை. நடத்துகிற அம்மாளைக் கேட்டேன். “யாரோ எடுத்துட்டுப் போனாங்க, சிரிச்சுக்கிட்டே போனாங்க” என்றார். அப்பா சிரித்து நான் பார்த்து வருஷங்கள் ஆகின்றன. ஆகவே அது அவர் இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். என் நிம்மதி இப்போது இவ்வளவுதான்.

உங்கள் மறுப்பு இதழும் வந்தது. ‘முந்தைய இதழில் வந்த அரசி அரசி அல்லள். அரண்மனை அரண்மனை அன்று. பட்டாணி அழவில்லை.’ இதற்கு இரண்டு வாரமா? நூலகத்தில் மாதாமாதம் நடக்கும் ஏடு மாற்றும் கூட்டத்துக்கு எடுத்துப்போனேன். பட்டாணி அரசியைக் கொடுங்கள், இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். யாரும் கொடுக்கவில்லை. புறாக்காரி உங்கள் மறுப்பை முழுக்கப் படித்துவிட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தாள்.

“உண்மை வீட்லயே வேணுங்கிற அளவு இருக்குதுங்க. அதுக்கு எதுக்கு மாத்தணும்?” என்றாள்.

அதைவிட நல்ல ஏடு ஏதாவது இருந்தால் யோசிக்கிறோம் என்றார்கள். சரி, நானே எழுதுகிறேன். விஷயத்துக்குப் பஞ்சமில்லை. எனக்கு ஒரு மாமா இருக்கிறார்.

இதற்கு நடுவில் அப்பா செய்த காரியத்தையும் கேளுங்கள். நேற்று மாவை இழுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், பெயர்ப்பலகை எழுதுகிறவரிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஈஸ்டர் கழிந்ததும் வருவாராம். நம் குடும்பப் பெயரோடு, ‘ஸம்மித்தும் மகளும்.’ தங்க நிறத்தில். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அடுப்பு மணி அடித்தது. அவரும் தட்டை எடுக்கப் போய்விட்டார்.

இந்த மாத முடிவுக்குள் அச்சகத்துக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. கெஞ்சி ஏப்ரல் கடைசிவரை தவணை வாங்கியிருக்கிறேன்.

மார்தீஸ்


பர்னி
ஏப்ரல் 1

மருமகளே,

நீ என்னைப் பற்றி எழுதப்போவதாகச் செய்தி வந்த கணத்திலிருந்து பர்னியில் கடல் உள்வாங்கிவிட்டது. மீன்கள் கரையில் நின்று என்னைப் பரிதாபமாகப் பார்க்கின்றன.

எழுது. தாராளமாக எழுது. ஆனால் என் பிரம்மாண்டமான தாடியை நானே ஏட்டோடு சேர்த்துப் பின் அடித்துக்கொண்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவத்தை மட்டும் விட்டுவிடு. அந்த நர்ஸ் பின்னை எடுக்குமுன் ஏட்டைப் படித்துமுடித்துவிட்டாள் என்பதை யாரும் நம்பமாட்டார்கள்.

என் பொறுமையும் கொஞ்சம் கரைந்துதான் போயிருக்கிறது, அதையும் கேள். மறுப்பு இதழில் ஒரு பொய்கூடச் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாட்டுக்கு இந்த நாடு எனக்கு ஒரு பதக்கம் தரவேண்டும். நீ ‘இதற்கு இரண்டு வாரமா’ என்கிறாய்.

விளையாட்டில்லாமல் ஒன்று. இதை எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வேன், பழக்கமில்லாத காரியம். என் அக்கா, உன் அம்மா, பெர்த்துக்குப் போனபோது உன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் எழுந்தார், பட்டாணி ஊறிக்கொண்டிருந்தது, அவள் இல்லை. அன்றும் கடையைத் திறந்தார். நீ போவதில் மச்சானுக்கு எவ்வளவு வருத்தம் என்று எனக்குத் தெரியாது. நீயும் சொல்லாமல் போனால் எவ்வளவு என்று தெரியும். நான் லட்சம் பாஸ்டிஸி என்று பெருக்கினேன், ஒப்புக்கொள்கிறேன். நீ மட்டும் என்ன, அடுப்பு மணி அடிக்கும்வரை வாயைத் திறந்து வைத்திருக்கிறாய்.

தாடி விஷயம் ஞாபகம் இருக்கட்டும்.

விஸ்டின்


செயின்ட் ஆல்பன்ஸ்
ஏப்ரல் 14, விரைவுத் தபால்

மாமா,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், கெட்டது வந்தபின் உங்களுக்கு அது பிடிக்காது. என் ஏட்டுக்கு ‘மாமாவைக் கழித்தல்’ என்று பெயர் வைத்தேன். இடது பக்கம் நீங்கள் சொன்னது, வலது பக்கம் நடந்தது. ‘நாடாளுமன்றத்தில் உரையாற்றினேன்.’ வாசலில் காவலரிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டார். ‘சுறாவோடு மூன்று நாள் போராடினேன்.’ விரல் நீள மீன், தூண்டிலோடு போய்விட்டது. தாடி நடுப்பக்கத்தில், படத்தோடு. அடித்துப்பிடித்து மாற்றினார்கள். பட்டாணி அரசி எல்லாம் திரும்பி வந்துவிட்டன, அந்த லாண்டரிப் பிரதியைத் தவிர.

அது எங்கே இருந்தது என்று இப்போது தெரியும். கல்லாவுக்கு அடியில். எண்ணெய்க் கறை படிந்து, பல தடவை புரட்டின மாதிரி ஓரமெல்லாம் மடங்கி. சிரித்துக்கொண்டே எடுத்துப்போனது அப்பாதான்.

அதற்குப் பதில் நேற்று என் மேசைமேல் அவரே செய்த ஒரு ஏடு இருந்தது. ஆம், அப்பா. நாம் இருவரும் காகிதத்தை வெட்டி விளையாடுகிறோம் என்று கேலி பேசுகிற அதே அப்பா. பாஸ்டிஸி சுற்றும் தாளில் இரண்டை மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, நடுவில் ஒரே ஒரு பின். தலைப்பு இல்லை, பக்க எண் இல்லை. மாவு மூட்டையில் எழுதும் அதே பெரிய எழுத்து. எட்டுப் பக்கத்தையும் இருந்தபடியே எழுதுகிறேன், உங்கள் கலைக்குக் கிடைத்த பலனை நீங்களும் படியுங்கள்.

கடைய விட்டுப் போனா இந்த வீட்டுக்குத் திரும்பி வரவேணாம்.

பெத்தவன ஏமாத்திட்டுப் போனவங்க யாரும் உருப்பட்டதில்ல.

இருபது வயசுல எனக்கு ரயில் ஓட்டப் போகணும்னு ஆசை. என் அப்பாகிட்ட சொன்னேன்.

அவர் மாவு பிசைஞ்சுக்கிட்டே பதில் சொன்னார்.

பலகைக்காரர்கிட்ட பேசிட்டேன். ‘ஸம்மித்’னு மட்டும் எழுதச் சொல்லிட்டேன்.

ஈஸ்டர் செவ்வாய் காலைல ரயில். பெட்டியக் கட்டு.

அதுக்கப்புறம் நான் ரயிலப் பத்தி யார்கிட்டயும் பேசல.

அந்தப் பேச்சு இனிமே இந்தக் கடையில கூடாது.

அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தோடு மூடிவிட்டேன்.

அவரிடம் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். புனித வாரம். விடியுமுன் ஆரம்பித்து ஒரே மேசையில் எதிரெதிரே நின்று மாவு இழுக்கிறோம். தட்டு, உப்பு, நகரு, இதைத் தவிர அவர் பேசவில்லை. நானும் அதே மூன்றையே திருப்பிச் சொல்கிறேன். அவர் என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார், ஏதோ எதிர்பார்ப்பதுபோல. மன்னிப்பையா? தெரியவில்லை.

தன் ஆசையை விட்டுக் கடையில் நின்ற மனிதர். என்னைப் போகச் சொல்லிவிட்டார், அதுவும் பலகையிலிருந்து பெயரை எடுத்துவிட்டு. அப்படிப் போவதற்கு எனக்குத் தெம்பு இல்லை. வேலை வேண்டாம் என்று அச்சகத்துக்குக் கடிதம் எழுதி உறையில் போட்டுவிட்டேன். விடுமுறை கழிந்து தபால் நிலையம் திறந்ததும் செவ்வாய்க்கிழமை போடுவேன். பிறகு பலகைக்காரரிடம் நானே போய் ‘மகளும்’ என்று சேர்க்கச் சொல்வேன்.

இனி ஏடு அனுப்பாதீர்கள்.

மார்தீஸ்


பர்னி
ஏப்ரல் 17, பெரிய வியாழன்

மார்தீஸ்,

தபாலை நம்ப நேரமில்லை. கடைக்குப் போன் போட்டேன். உன் அப்பா எடுத்து, “விஸ்டின், புனித வாரம்” என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். அந்த மூன்று வார்த்தையும் சொல்லாமல் வைத்தார். ஆகவே ஹெட்லியை இன்றிரவுக் கப்பலில் ஏற்றுகிறேன். இதை எங்கேயும் விட்டுவிடாமல் உன் கையில் கொடுத்தால்தான் அவன் இனி என் வாசற்படி ஏறலாம்.

அந்த உறையைப் போடாதே.

நீ எழுதிய எட்டுப் பக்கத்தையும் ரொட்டி சுற்றிய தாளில் எழுதி, மடித்து, மேசைமேல் வைத்துப் பார்த்தேன். நீ எத்தனை ஏடு போட்டவள், உனக்கு எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? அப்பாவின் எழுத்து என்றதும் கண் அவிந்துவிட்டதா? மச்சானுக்கு இது முதல் ஏடு. முதல் ஏட்டில் இந்தத் தவறைச் செய்யாதவர் யார்? உன்னுடைய முதல் இதழில் வேலிப்பருத்தி பூப்பதற்கு முன்பே காய்த்தது, மறந்துவிட்டாயா?

பின்னை எடு. வெளியே இருக்கும் தாளை உள்ளே வை. உள்ளே இருப்பதை வெளியே வை. முதல் பக்கத்திலிருந்து படி.

வரிசையை நான் இங்கே எழுதமாட்டேன். என் எழுத்தில் வந்தால் பட்டாணி அழ ஆரம்பித்துவிடும். அவர் கையெழுத்திலேயே படி.

மாமா


பிரிஸ்பேன்
ஏப்ரல் 27

மாமா,

அன்புள்ள என்று எழுதி அடித்துவிட்டேன். இந்தத் தடவை பழக்கதோஷம்.

பெரிய வெள்ளி மத்தியானம். கடையில் தெருவரை வரிசை. ஹெட்லி வரிசையில் நில்லாமல் உள்ளே புகுந்துவர, ஒரு பாட்டி அவரைக் குடையால் குத்திவிட்டார். இருந்தாலும் கடிதத்தை என் கையில் திணித்துவிட்டு, ஒரு பட்டாணிப் பாஸ்டிஸி, ஒரு பாலாடைக்கட்டிப் பாஸ்டிஸி வாங்கிக்கொண்டுதான் போனார்.

கடிதத்தைப் படித்தேன். ஏடு ஏப்ரன் பையிலேயே இருந்தது, எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கேயே வைத்திருந்தேன். பட்டாணிக் கரண்டியின் காம்பால் பின்னை நெம்பி எடுத்தேன். தாளை மாற்றி வைத்தேன். வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

இருபது வயசுல எனக்கு ரயில் ஓட்டப் போகணும்னு ஆசை. என் அப்பாகிட்ட சொன்னேன். அவர் மாவு பிசைஞ்சுக்கிட்டே பதில் சொன்னார். கடைய விட்டுப் போனா இந்த வீட்டுக்குத் திரும்பி வரவேணாம். பெத்தவன ஏமாத்திட்டுப் போனவங்க யாரும் உருப்பட்டதில்ல. அதுக்கப்புறம் நான் ரயிலப் பத்தி யார்கிட்டயும் பேசல. அந்தப் பேச்சு இனிமே இந்தக் கடையில கூடாது. பலகைக்காரர்கிட்ட பேசிட்டேன். ‘ஸம்மித்’னு மட்டும் எழுதச் சொல்லிட்டேன். ஈஸ்டர் செவ்வாய் காலைல ரயில். பெட்டியக் கட்டு.

தலை நிமிர்ந்தேன். அப்பா மாவை விட்டுவிட்டு என் கையில் பிரிந்து கிடந்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாத்தி வெச்சுட்டேனா?”

“உள்ள வெக்கிறத வெளிய வெச்சுட்டீங்கப்பா.”

“சை,” என்றார். “பாஸ்டிஸில ஒருநாள்கூட எனக்கு அப்படி ஆனதில்ல.” பிறகு ஒரு தட்டை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து கேட்டார். “அஞ்சு நாளா அதையா படிச்சுட்டு நின்ன?”

நான் தலையாட்டினேன். வாயால் சொல்லியிருக்கலாமே என்றேன்.

“நீயும் உன் மாமனும் எதைத்தான் வாயால சொல்றீங்க? உங்க பாஷையிலயே சொல்லுவோம்னு பாத்தேன்.”

ஏப்ரனால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வரிசையில் முதலில் நின்ற குடைப் பாட்டியிடம் என்ன வேணும் என்று கேட்டார். பாட்டி, எனக்கு அவசரமில்லை, நீங்கள் பேசுங்கள் என்றார். நாங்கள் பேசினோம், மாமா. தட்டுத் தட்டாக, நடுவில் அடுப்பு மணி அடிக்க அடிக்க. வேண்டாம் என்று எழுதின உறையை அவரே வாங்கி அடுப்புத் தீயில் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை ரயிலடிக்கு வந்தார். என்னைவிட எஞ்சினைத்தான் அதிக நேரம் பார்த்தார். ஓட்டுநர் ஜன்னலில் ஒரு பொட்டலம் பாஸ்டிஸி கொடுத்து, வழியில் எங்கெங்கே ஏற்றம், எங்கெங்கே வளைவு என்று விசாரித்தார். ரயில் கிளம்பியபோது கையசைத்தது எனக்கா எஞ்சினுக்கா என்று சொல்லமுடியாது.

அச்சகத்தில் சேர்ந்துவிட்டேன். இங்கே தண்டவாளத்தோரம் வேறு செடிகள்.

இனி உங்கள் கணக்கு. எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளவேண்டாம். நல்லபடியாக முடிந்ததற்கு நீங்கள்தான் காரணம் என்று இந்நேரம் டாஸ்மேனியா முழுக்கச் சொல்லியிருப்பீர்கள். ஆகவே ஒன்று தெரிவிக்கவேண்டியிருக்கிறது. கல்லாவுக்கு அடியில் இருக்கும் பட்டாணி அரசியை அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். கொடுக்க மாட்டாராம். மாற்றின ஏட்டைத் திருப்பிக் கேட்கக் கூடாது, முறை எனக்கும் தெரியும் என்கிறார். அதோடு அவருக்கு இந்த வேலை பிடித்துப்போய்விட்டது. இரண்டாம் இதழ் தயார். தலைப்பு, ‘என் மச்சான்’. என் அம்மாவுக்கும் அவருக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஆரம்பிக்கிறாராம். தாள் வரிசையை நான் சரிபார்த்துவிட்டேன், ஒரு தவறும் இல்லை.

உங்களுக்கான பிரதியை இதோடு அனுப்பியிருக்கிறேன். நான்கு ஓரமும் பின் அடித்து மூடியிருப்பது தவறு இல்லை. வேண்டுமென்றே அடித்தார்.

“அவனால தெறக்காம இருக்க முடியாது,” என்றார். “தெறந்தா கிழியும். கிழிஞ்சா இன்னொண்ணு கேப்பான். அப்ப மாத்துக்கு அவனும் ஒண்ணு குடுக்கணும்ல? ஏடு வேணாம், அதுக்குப் பதிலா இங்க வந்து ஒரு வாரம் பட்டாணி உரிக்கட்டும். ஆள் இல்லாம கஷ்டமா இருக்கு.”

மற்ற பிரதிகள் என்னிடம் இருக்கின்றன. பிரிஸ்பேனில் நிறைய லாண்டரி, மாமா.

மார்தீஸ்